வேகத்துக்கு வரம்பு வேண்டுமா?

இணையவழிச் சுடும் ஆட்டங்களை ஆடுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. திரையில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம்கள் வரலாம் என்பதற்கு ஆடுபவரே ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது கணினி எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவும் வரட்டும் என்று அவிழ்த்து விட்டுவிட வேண்டுமா என்பதே அது. கேட்பதற்கு அற்பமான கேள்விதான். இலக்கியம் பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று புருவத்தை உயர்த்துவோரும் இருப்பர். ஓர் அசை கூடிப்போனதால் தளை தட்டுகிறது என்று விடிய விடியச் சண்டையிட்டுக்கொள்ளும் நமக்கு, இரண்டு மில்லிவினாடிக்காகச் சண்டையிடுவோரைக் கண்டு சிரிக்கும் உரிமை இல்லை என்றே தோன்றுகிறது.

நம் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம். வரம்பு வேண்டும் என்பதே நம் கட்சி. ஆனால் அந்தக் கட்சியில் இருப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் பாதி தவறானவை. எதிர்க்கட்சி சொல்லும் காரணங்களில் சில மிகவும் சரியானவை. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

வரம்பு என்பது இன்று புதிதாக முளைத்த யோசனை என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1993 டிசம்பரில் வெளிவந்த டூம், வலைப்பின்னல் வழியே நான்கு பேர் வரை ஒருவரையொருவர் சுட்டு விளையாட வழிசெய்த ஆட்டம். அதன் காலம் வினாடிக்கு 35 துடிப்புகளாக ஓடியது. படமும் அதற்கு மேல் போகாது. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வைத்திருந்தாலும் 35தான். மூன்றாண்டுகள் கழித்து 1996இல் வந்த குவேக்கில் அந்த எல்லை 72 ஆயிற்று. குவேக்கின் எஞ்சினை வாங்கித் திருத்தி எழுதப்பட்ட ஹாஃப்-லைஃபும் (1998) அந்த 72ஐப் பாட்டன் சொத்தைப்போல் பெற்றுக்கொண்டது. அந்த நாட்களில் பெரும்பாலான கணினிகள் அந்த உயரத்தை எட்டவே திணறின என்பதால், கூரை இருப்பதே பலருக்குத் தெரியாது. கைக்கு எட்டாத கூரையைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

சிக்கல் 1999இல், குவேக் 3 அரீனாவுடன் தொடங்கியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நம் விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது; கணக்கும் அழகானது.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஃபிரேமின் நீளமும் முழு மில்லிவினாடிகளில் அளக்கப்பட்டது. ஆடுபவரின் உடல் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற எண்ணும் ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் முழு எண்ணாகத் திருத்தப்பட்டது. வலைப்பின்னலில் அனுப்ப வேண்டிய தரவைச் சுருக்க இது உதவும் அல்லவா? ஆட்டத்தின் புவியீர்ப்பு 800 அலகு. வினாடிக்கு 125 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லிவினாடி. அந்த 8 மில்லிவினாடியில் ஈர்ப்பு பறிக்க வேண்டிய வேகம் 6.4. குதிப்பவரின் தொடக்க வேகம் 270. அதிலிருந்து 6.4 போனால் 263.6. அதை முழு எண்ணாக்கினால் 264. அதாவது பறிக்கப்பட்டது 6 மட்டுமே. ஃபிரேமுக்கு 0.4 வீதம் ஈர்ப்பு ஏமாந்துபோகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 800 என்று எழுதிவைத்த ஈர்ப்பு நடைமுறையில் 750 ஆகிவிடுகிறது.

ஆட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஆடியவருக்கு இயல்பான வரம்பு 85. அப்போது ஃபிரேமுக்கு 11 மில்லிவினாடி. பறிக்கப்பட வேண்டியது 8.8, பறிக்கப்படுவது 9. அவருக்கு ஈர்ப்பு சுமார் 818. அதே அரங்கம், அதே துப்பாக்கி, இருவருக்கும் வேறு வேறு பூமி! 125க்காரர் சற்று உயரமாகக் குதிப்பார். மற்றவருக்கு எட்டாத மேடை அவருக்கு எட்டும். 333 ஃபிரேம் ஓட்ட முடிந்தவருக்கு ஃபிரேமுக்கு 3 மில்லிவினாடி, ஈர்ப்பு சுமார் 667. அவர் ஏறக்குறைய நிலவின் பக்கம் நகர்ந்துவிட்டார் எனலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 125 என்பதும் ஒரு வரம்பே. நல்ல ஆட்டக்காரர்கள் கணினியை 140க்கோ 160க்கோ ஓடவிடாமல் 125இல் பிடித்து நிறுத்தினார்கள். 'எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்ற விதி அங்கே செல்லுபடியாகவில்லை. சில எண்கள் நல்லவை, சில எண்கள் கெட்டவை. பின்னாளில் வந்த திருத்தத்தில் சர்வரே எல்லோருடைய நகர்வையும் 8 மில்லிவினாடிப் படிகளாக ஒழுங்குபடுத்த வழி செய்யப்பட்டது. அதே எஞ்சினின் வழிவந்த கால் ஆஃப் டூட்டி ஆட்டங்களிலும் இந்தப் பழைய பேய் தொடர்ந்தது. 2007இல் வந்த நான்காம் பாகத்திலும் 125, 250, 333 என்ற எண்களை வைத்தே குதிப்பவர்கள் தங்கள் வித்தையைக் கட்டினார்கள். போட்டிகளுக்கென்று திருத்தி அமைக்கப்பட்ட வடிவத்தில் 250க்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்க நேர்ந்தது.

கவுன்டர்-ஸ்டிரைக் 1.6இன் கதை (2003) வேறு. அதில் கூரை நூறு. வரம்பை 101 என்று எழுதினால்தான் நூறு கிடைக்கும் என்பது வாய்வழிச் செய்தியாக உலகெங்கும் பரவியிருந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஆடியவர்களும், ஏன் என்று கேட்காமல், 101 என்று எழுதிவிட்டே உட்கார்ந்தார்கள். அக்காலத்துக் கனத்த கண்ணாடித் திரைகள், தெளிவைச் சற்றே குறைத்துக்கொண்டால், 100 ஹெர்ட்ஸில் ஓடும். ஆட்டமும் நூறு, திரையும் நூறு. கையும் கண்ணும் ஒரே தாளத்தில் நின்றன. அந்த ஆட்டத்தை இன்றும் ஏக்கத்தோடு பேசுவோர் அதன் வரைபடங்களையும் துப்பாக்கிகளையும் மட்டும் நினைத்து ஏங்குகிறார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் ஒரே கூரை இருந்த காலத்தின் நிம்மதியும் அந்த ஏக்கத்தில் கலந்திருக்கிறது.

இனி இன்றைய நிலவரத்துக்கு வருவோம். இன்றைய ஆட்டங்களில் குதிக்கும் உயரம் பெரும்பாலும் ஃபிரேமைப் பொறுத்திருப்பதில்லை. (பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. 2018இல் ஃபால்அவுட் 76இன் முன்னோட்டக் காலத்தில், ஃபிரேம் வரம்பைக் கழற்றிவிட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ஓடினார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு ஓடினால் வரைய வேண்டியது குறைவு. ஆகவே ஃபிரேம் கூடும். ஆகவே கால்களின் வேகமும் கூடும். குனிந்த தலை நிமிராமல் ஓடுவது இத்தனை ஆதாயம் தரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.) இன்று வழக்கு நடப்பது வேறொரு பொருளைப் பற்றி. அதன் பெயர் தாமதம். மவுஸின் பொத்தானை அழுத்துவதற்கும், அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையில் கழியும் நேரம்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ஃபிரேம் கூடினால் தாமதம் குறையும் என்பது உண்மை. ஆனால் சில வேளைகளில் ஃபிரேமைக் குறைத்தாலும் தாமதம் குறையும் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?

ஒரு சிற்றுண்டிச்சாலையை எண்ணிக்கொள்வோம். பிராசஸர் என்பது மேசை மேசையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு வரும் சர்வர். கிராஃபிக்ஸ் கார்டு என்பது கல்லின் முன் நிற்கும் தோசை மாஸ்டர். சர்வர் சுறுசுறுப்பானவர், மாஸ்டரின் கல்லுக்கு அந்த வேகம் இல்லை. சர்வர் கேட்டு வந்த சீட்டுகள் கல்லின் அருகே குவிகின்றன. நமக்கு வந்து சேரும் தோசை, பத்து நிமிடத்துக்கு முன் நாம் கேட்டது. இடையில் நம் மனம் ஊத்தப்பத்துக்கு மாறிவிட்டதை மாஸ்டர் அறியார். இப்போது முதலாளி ஒரு விதி போடுகிறார்: கல் காலியாகும் தறுவாயில் மட்டுமே சர்வர் போய்க் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சுடப்படும் தோசைகளின் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். ஆனால் ஒவ்வொரு தோசையும் கேட்டவுடன் வருகிறது.

கிராஃபிக்ஸ் கார்டு நூற்றுக்கு நூறும் உழைத்துக்கொண்டிருக்கையில் நடப்பது இதுவே. வரையப்படக் காத்திருக்கும் ஃபிரேம்கள் வரிசை கட்டுகின்றன. அந்த வரிசையில் நம் கையசைவும் நின்று காத்திருக்கிறது. கார்டின் முழுத் திறனுக்குச் சற்றுக் கீழே ஒரு வரம்பு வைத்தால் வரிசை கலைந்துவிடும். என்விடியா 2020 செப்டம்பரில் ரிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது: சர்வரைச் சரியான நேரத்துக்கு முன் மேசைக்கு அனுப்பாமல் பிடித்து வைக்கிறது.

ஆனால் சிற்றுண்டிச்சாலையில் மாஸ்டர் வேகமானவராகவும், சர்வர்தான் தாமதம் செய்பவராகவும் இருந்தால்? அப்போது சீட்டுகள் குவியவே வாய்ப்பில்லை. வரம்பு வைப்பதால் அந்த வகையில் ஒரு லாபமும் இல்லை. கவுன்டர்-ஸ்டிரைக்கையோ வாலரன்டையோ தாழ்ந்த படத்தரத்தில், நல்ல கார்டில் ஆடுபவரின் நிலை பெரும்பாலும் இதுதான். அங்கே வரம்பில்லாமல் ஓடவிடுவோர் சொல்வது சரி. திரை 144 ஹெர்ட்ஸாக இருந்து, ஆட்டம் 300 ஃபிரேம் ஓடினால், திரையில் எழுதப்படும் ஒவ்வொரு படத்தின் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியைவிடப் புதியது. படம் இடையில் கிழிந்ததுபோல் தெரியும். ஆனால் கிழிசலுக்குக் கீழே இருப்பது அண்மைச் செய்தி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் வரம்பை நீக்கிவிட்டோ, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டோ ஆடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று எள்ளுவது அறியாமை.

அதேபோல், 'உன் திரை 60 ஹெர்ட்ஸ்தானே, அறுபதுக்கு மேல் எதற்கு?' என்று வரம்புக் கட்சிக்காரர் கேட்கும் கேள்வியும் தவறானது. அறுபது ஹெர்ட்ஸ் திரையிலும் 150 ஃபிரேம் ஓடும் ஆட்டம் கைக்கு நெருக்கமாக இருக்கும். திரை எடுத்துக்கொள்ளும் ஃபிரேம் அண்மையில் பிறந்ததாக இருக்கும் என்பதே காரணம். வி-சிங்க்கைப் போட்டு அறுபதில் பூட்டினால் கிழிசல் போகும், தாமதம் ஏறும். மானிட்டர் மாற்ற வசதியில்லாதவரிடம் போய் இந்த அறிவுரையைச் சொல்வது அவருக்கு இருப்பதையும் பிடுங்குவதாகும். வரம்புக் கட்சிக்கு இத்தகைய நண்பர்களே பெரும் பகை.

அப்படியானால் நாம் ஏன் இன்னும் வரம்பின் பக்கம் நிற்கிறோம்?

எண்ணிக்கை தரும் லாபம் ஏற ஏறத் தேய்கிறது என்பது முதற்காரணம். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றின் ஆயுள் 16.7 மில்லிவினாடி. 120 என்றால் 8.3. 240 என்றால் 4.2. 480 என்றால் 2.1. அறுபதிலிருந்து நூற்றிருபதுக்கு ஏறுபவர் எட்டு மில்லிவினாடிக்கு மேல் சம்பாதிக்கிறார். இருநூற்று நாற்பதிலிருந்து நானூற்று எண்பதுக்கு ஏறுபவருக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. செலவோ தலைகீழ்: முதல் ஏற்றத்துக்குப் பலருக்குச் செலவே இல்லை, இரண்டாவதற்கு ஒரு குடும்பத்தின் பல மாத மளிகைக் கணக்கு. அந்த இரண்டு மில்லிவினாடி பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. சம வல்லமையுள்ள இருவர் ஒரே மூலையில் எதிர்ப்படுகையில் அதுவும் தராசில் ஏறும். ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

மறுதட்டில் இருப்பது சீர்மை. மிருதங்கம் வாசிப்பவரை நாம் எதற்காகப் போற்றுகிறோம்? நான்காம் காலத்தில் விரல்கள் பறப்பதற்காக அரங்கு கைதட்டும். ஆனால் பாடகர் அவரைத் தேடிப் போவது காலப்பிரமாணம் கலையாமல் நிற்பதற்காக. பாடுபவர் தாளத்தை நம்பிச் சுரத்தை எறிகிறார். சுடும் ஆட்டத்தில் கை அப்படித்தான் திரையை நம்பியிருக்கிறது. மணிக்கட்டை இவ்வளவு திருப்பினால் குறி இவ்வளவு நகரும், அது இத்தனை நேரத்தில் தெரியும் என்ற உடன்பாடு ஆயிரம் முறை ஆடிக் கையில் ஏறியது. அமைதியான நேரத்தில் 320 ஃபிரேம் ஓடிய ஆட்டம், புகைக்குண்டும் தீக்குண்டும் வெடித்து ஐந்து பேர் மோதும் கணத்தில் 170க்கு இறங்கினால், அந்த உடன்பாடு எப்போது மிகவும் தேவையோ அப்போது முறிகிறது. 320 தந்த இன்பம், எதிரில் ஆளில்லாமல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கிடைத்த இன்பம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரையின் மூலையில் மின்னும் எண்ணை நம்புவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வினாடியில் 99 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் சுமார் 9 மில்லிவினாடியில் வந்துவிடுகின்றன. நூறாவது ஃபிரேம் மட்டும் 100 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. மூலையில் தெரியும் எண் நூறு. ஆடியவரின் அனுபவமோ, வினாடியில் பத்திலொரு பங்கு உறைந்து நின்ற படம். அதற்குள் அவர் இறந்தே போயிருப்பார். சராசரி என்பது ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுவிட்டு இறங்குவது போன்றது. விவரம் அறிந்தவர்கள் இப்போது மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகத்தைத் தனியே அளந்து பார்க்கிறார்கள். மூலை எண்ணைப் பார்த்து மகிழும் பழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாகக் கார்டு வாங்கியவர் அரங்கின் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு 500ஐத் தரிசிப்பதைக் காணும்போது, சேமிப்புப் புத்தகத்தை அடிக்கடி திறந்து பார்க்கும் முதியவர் நினைவுக்கு வருகிறார். இதில் ஏளனம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுதும் உழைக்கிறது என்பதைக் கண்ணால் காணும் ஆசை எல்லோருக்கும் உரியதே.

அந்த உழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அது மின்சாரமும் வெப்பமும். இன்றைய பெரிய கார்டுகள் 300 வாட்டுக்கு மேல் இழுக்கின்றன. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு நிறுவனமே குறித்த அளவு 450 வாட். இழுத்தது அத்தனையும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே வந்து சேரும். சித்திரை வெயிலில் ஓடுகூட இல்லாத சிமென்ட் கூரையின் கீழ் ஆடுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மடிக்கணினியில் ஆடுபவரின் பாடு இன்னும் மோசம். முதல் பத்து நிமிடம் 200 காட்டிய கருவி, சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து 120க்கு இறங்கும். தொடக்கத்திலேயே 130இல் நிறுத்தியிருந்தால் கடைசிச் சுற்றுவரை 130லேயே நின்றிருக்கலாம். அவசரப்பட்டு முதல் கல் தொலைவில் ஓடிவிட்டு மீதிக்கு நடப்பவரின் கதை இது.

மெனுக்களில் நடப்பதோ சுத்த விரயம். 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது, ஒன்றுமே நடக்காத மெனுத் திரைகளை வரம்பில்லாமல் வரைந்துதள்ளிக் கார்டுகள் கொதித்தன. ப்ளிஸார்ட் நிறுவனமே, அமைப்புக் கோப்பில் வரம்பை எழுதிவையுங்கள் என்று வழி சொன்னது. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் முன்னோட்டத்தின்போது விலையுயர்ந்த கார்டுகள் சில செத்தே போயின. பிழை அந்தக் கார்டுகளின் பற்றவைப்பில் இருந்தது என்று அவற்றைச் செய்த ஈவிஜிஏ பின்னர் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பிழையை வெளியே இழுத்துவந்த சந்தர்ப்பத்தில் மெனுவின் கட்டற்ற ஃபிரேம்களுக்குப் பங்குண்டு என்று கருதியே ஆட்டத்தைச் செய்தவர்கள் மெனுவுக்கு வரம்பு வைத்தார்கள். இவை இரண்டும் சுடும் ஆட்டங்கள் அல்ல. எனினும் பாடம் பொதுவானது. வாலரன்டு (2020) ஆட்டத்தில் மெனுவுக்கு ஒரு வரம்பு, பின்னணியில் கிடக்கையில் ஒரு வரம்பு, பேட்டரியில் ஓடுகையில் ஒரு வரம்பு, எப்போதைக்கும் ஒரு வரம்பு என்று தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். இத்துறையில் நாம் கண்ட நாகரிகமான ஏற்பாடுகளில் இது ஒன்று.

வரம்பை எங்கே வைப்பது என்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டத்தின் செட்டிங்ஸிலேயே வரம்பு இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். அதுதான் கையசைவைப் படிப்பதற்கு முன் காத்திருக்கிறது. வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் மென்பொருள்கள் சீர்மை தரும். ஆனால் பொதுவாகச் சற்றுத் தாமதத்தையும் சேர்த்தே தரும். அதைவிட, வெளியார் ஆட்டத்துக்குள் கை வைப்பது வேறு வம்புகளில் கொண்டுபோய் விடலாம். 2023 செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனம் தாமதத்தைக் குறைக்க ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியைத் தன் டிரைவரில் வெளியிட்டது. அது ஆட்டத்தின் உள்ளுறுப்புகளை இடைமறித்து வேலை செய்தது. கவுன்டர்-ஸ்டிரைக் 2இன் காவல் ஏற்பாட்டுக்கு அதற்கும் ஏமாற்று மென்பொருளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அக்டோபரில் அந்த வசதியை இயக்கிய அப்பாவிகள் தடை செய்யப்பட்டார்கள். ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது. வால்வ் தடைகளை நீக்கியது. சில மில்லிவினாடிக்கு ஆசைப்பட்டுக் கணக்கையே இழந்த அந்தச் சில நாட்களில் அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் ஒரே வரம்பைச் சர்வரே விதித்துவிடலாமே, டூம் காலத்தைப்போல் சமத்துவம் வருமே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. நமக்கு உடன்பாடில்லை. நேரில் கூடி நடக்கும் பெரிய போட்டிகளில் கணினியும் திரையும் எல்லோருக்கும் ஒன்றே; அங்கே இந்தக் கேள்வி எழவே எழாது. வீட்டிலிருந்து ஆடுகையில் ஒருவருக்கும் சர்வருக்கும் இடையே உள்ள தொலைவு மட்டுமே பத்து, ஐம்பது, நூறு மில்லிவினாடி என்று வேறுபடுகிறது. மும்பையில் சர்வர் இருந்தால் ஒரு நியாயம், சிங்கப்பூரில் இருந்தால் வேறொரு நியாயம். அந்தப் பள்ளத்தை ஃபிரேம் வரம்பால் நிரப்ப முடியாது. விதிப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு: ஃபிரேம் கூடினால் குதிப்பதும் ஓடுவதும் சுடுவதும் மாறக்கூடாது. அதை உறுதிசெய்வது அவர்கள் பொறுப்பு. குவேக் 3 கற்றுத் தந்த பாடத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த ஃபால்அவுட் 76 மறந்திருந்தது என்பதைத்தான் நாம் கோபத்தோடு பேச வேண்டும். தன் கணினியைத் தான் எப்படி ஓட்டுவது என்பது ஆடுபவரின் முடிவு. அதில் நாம் சொல்வது யோசனை மட்டுமே.

யோசனை இதுதான். பயிற்சி அரங்கில் அளப்பதை விட்டுவிட்டு, பத்துப் பேரும் நிறைந்த உண்மையான ஆட்டத்தில், புகைக்கு நடுவே நிற்கையில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று நாலைந்து நாள் பார்க்க வேண்டும். 180க்குக் கீழே போகவில்லை என்றால் 180 உங்கள் வரம்பு. திரையே ஃபிரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால் (ஜி-சிங்க், ஃபிரீசிங்க் என்று பெட்டியில் போட்டிருக்கும்) வரம்பு திரையின் எண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 138 என்றால் கிழிசலும் இல்லை, தாமதமும் பெரிதாக இல்லை. மிக மோசமான கணத்திலும் 400க்குக் கீழே இறங்காத கணினி வைத்திருக்கும் பாக்கியவான் வரம்பை நீக்கிவிட்டு ஆடட்டும். அவருடன் நமக்கு வழக்கில்லை. மெனுவுக்கு அறுபது போதும். ஆட்டத்துக்கு ஒவ்வொரு பெரிய திருத்தம் வரும்போதும் பத்து இருபது ஃபிரேம் காணாமல் போவது வாடிக்கை என்பதால், அப்போதெல்லாம் மறுபடி புகைக்குள் போய் நின்று அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.